நான்கு திசையும் மூன்று தலையணையும்

பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்த கால்களை அபர்ணா மறுபடியும் கீழே இறக்கினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் மாமியார் உலகம்மாள். "ரெண்டு காலும் நேரே தாத்தா மூஞ்சியப் பாத்து இருக்கு. அத மட்டுந்தான் சொன்னேன்."

தாத்தா எதிர்ச் சுவரில் இருந்தார். உலகம்மாளின் மாமனார், நாறும்பூநாதன். கறுப்பு வெள்ளைப் படம். சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, சட்டத்துக்கு மேலே சிவப்பாக ஒரு குட்டி பல்பு. தோளில் துண்டு. தலையோடு ஒட்ட வாரிய முடி. முகத்தில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆளின் பார்வை.

அபர்ணாவுக்கு எட்டாம் மாதம். மூன்று வாரமாகக் கால் வீங்கிக்கொண்டு வந்தது. முதலில் கொலுசைக் கழற்றினாள். பிறகு அவளுடைய செருப்பு சேரவில்லை என்று கணவன் ஹரிஷங்கரின் செருப்பைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் சேரவில்லை. வாசலில் அவள் திகைத்து நின்றபோது, மாமனார் கணபதிசுப்பிரமணியன் சத்தமில்லாமல் தன் பத்தாம் நம்பர் செருப்பை அவள் பக்கம் தள்ளி வைத்தார். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஆறு எண்ணும்வரை அது நிரம்பவில்லை. விலங்கியல் படித்தவள் என்பதால் எண்ணிப் பார்த்தாள்.

அன்று திங்கட்கிழமை காலையில்தான் தென்காசியில் டாக்டர் ஹஃப்சாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"யூரின்ல புரோட்டீன் இல்ல, அதுவரைக்கும் நல்லது" என்றார் டாக்டர். "ஆனா பிரஷர் எல்லைல நிக்கி. இடது பக்கமா சாஞ்சு படுங்க. காலுக்கு மூணு தலையணை வச்சு உயரமா வையுங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை, அரை அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க. பிரஷர் ஏறியிருந்தா அட்மிஷன்தான். நடுவுல தலை வலிச்சாலோ கண்ணு மங்குனாலோ காத்திருக்காம உடனே வந்துரணும்."

அட்மிஷன் மட்டும் வேண்டாம் என்று அபர்ணா நினைத்தாள். அடுத்த வாரம் வளைகாப்பு. ஆலங்குளத்திலிருந்து அவள் அம்மா அழைத்துப் போக வருகிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் குழாய்க்கு நடுவே வளையல் அடுக்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஆனால் காலைத் தூக்கி வைப்பதுதானே வைத்தியம், இதைவிட எளிதாக ஒன்று இருக்க முடியுமா என்ற தைரியத்தோடுதான் மேலகரத்து வீட்டுக்கு ஆட்டோ ஏறினாள்.

இப்போது ஸ்டூலை இடது பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீ நல்லா நீட்டு" என்றார் அவர். "உலகு, அந்தப் படம் இருக்குல்லா, அது வந்து..."

"நீங்க சும்மா இரிங்க. பெரியவங்களப் பாத்துக் காலை நீட்டினா பிள்ளைக்குல்லா ஆகாது."

மாமனார் பேப்பருக்குத் திரும்பினார். கூட்டுறவு சொசைட்டியில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய வாக்கியங்கள் இந்த வீட்டில் பாதிக்கு மேல் போனதில்லை.

ஸ்டூலை வலது பக்கம் திருப்பினாள். அது வாசல்.

"வீட்டுக்குள்ள வாற மகாலட்சுமிக்குக் காலைக் காட்டுவாவளா" என்றாள் உலகம்மாள்.

அந்த நேரம் பார்த்துச் சிவப்பு பல்பு இரண்டு முறை மினுங்கி அணைந்தது.

"பல்பு பழசு அத்தை" என்றாள் அபர்ணா.

"பழசுதான். ஆனா இத்தன நாளு எரிஞ்சது, நீ காலைத் தூக்குன அன்னைக்குத்தான் அணையுது."

உலகம்மாள் கெட்ட மாமியார் இல்லை. அடுத்த நிமிடமே வெந்நீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, மருமகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவிவிட்டாள். மாமியார் மடியில் காலை வைக்கலாம், மாமியாரின் மாமனார் படத்துக்கு எதிரே வைக்கக் கூடாது என்பதை அபர்ணா ஒரு விதியாக மனதில் குறித்துக்கொண்டாள்.

"நான் இந்த வீட்டுக்கு வரும்போது அவரு இல்ல" என்று நீவிக்கொண்டே உலகம்மாள் ஆரம்பித்தாள். "ஒரு வருசம் முந்தியே போயிட்டாரு. அவரு சொந்தக்காரங்க எல்லாரும் பம்பாய்ல. ஒருத்தரும் வாறதில்ல. கல்யாணமாகி எட்டாம் நாளு உங்க மாமாதான் குற்றாலத்துல ஸ்டுடியோல குடுத்து, படத்தப் பெரிசு பண்ணிக் கொண்டாந்தாரு. அவரு உக்காந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல, அதுக்குள்ள நானே பார்சலப் பிரிச்சேன். அந்த முகத்தப் பாத்ததும் அப்படியே விழுந்து கும்பிட்டுட்டேன். மறுமாசமே ஹரி தங்கிட்டான்."

"நான் அன்னைக்கே..." என்றார் மாமனார்.

"பேப்பரப் படிங்க. குளிச்சு முழுகி எவ்வளவு சுத்தமா இருக்காரு பாரும்மா. நம்ம ஹரிக்கு அதே மூக்கு. உரிச்சு வச்சிருக்கு."

அபர்ணா மரபியல் தாளில் எண்பத்தொன்று வாங்கியவள். படத்தில் இருந்தது கிளி மூக்கு. ஹரியின் மூக்கு கொழுக்கட்டை. சில பண்புகள் ஒரு தலைமுறை மறைந்து நின்று அடுத்ததில் வெளிப்படும் என்று படித்திருக்கிறாள். இது இன்னும் எத்தனை தலைமுறை மறைந்து நிற்கும் என்று தெரியவில்லை.

ஹாலில் ஆகாது என்று தெரிந்ததும், செவ்வாய்க்கிழமை அவள் படுக்கையறைக்குப் போனாள். மூன்று தலையணைகளை அடுக்கிக் கிழக்கே காலை நீட்டினாள். உலகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் அடுப்படிம்மா. சாமி அலமாரி அங்கனதான் இருக்கு."

"நடுவுல சுவர் இருக்குல்ல அத்தை."

"சாமிக்குச் சுவரெல்லாம் ஒரு மறைப்பா?"

வடக்கே திரும்பினாள். அங்கே ஜன்னல், அதற்கு வெளியே தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே தென்காசிக் கோயில் கோபுரம். சாரல் மேகம் அதைப் பாதி மூடியிருந்தது.

"முழுசா மூடிருச்சுன்னா தெரியாது அத்தை."

"தெரியலன்னா அங்கன இல்லன்னு ஆயிருமா?"

மேற்கே திரும்பினாள். சுவர்தான். உலகம்மாள் ஏதோ நினைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போகும்போது இருந்த முகம் வரும்போது இல்லை.

"அம்மாடி, தாத்தா ஆணி இதே சுவத்துலதான் அடிச்சிருக்கு. நீ இங்கன காலை வச்சா அவரு முதுகுல மிதிச்ச மாதிரில்லா."

மிச்சம் தெற்கு. தெற்கே காலை நீட்டினால் தலை வடக்கே வரும். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதில் மட்டும் போனில் இருந்த ஆலங்குளத்து அம்மாவும் உலகம்மாளும் முதன்முறையாக ஒரே கட்சியில் இருந்தார்கள்.

சாயங்காலம் ஹரிஷங்கர் வந்தான். தாலுகா ஆபீசில் சர்வேயர். நாலு பக்கமும் தகராறு உள்ள நிலத்தையே அளந்து கல் நடுகிறவன்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்றான். "நாலு திசைக்கு நடுவுல இன்னும் நாலு இருக்கு. வடமேற்கு. முந்நூத்திப் பதினஞ்சு டிகிரி. அங்கன ஒண்ணுமே கெடையாது."

புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டு டேப்பைப் பிடித்து அளந்து, கட்டிலை மூலைக்கு மூலை குறுக்காகத் திருப்பிப் போட்டான். அபர்ணா படுத்தாள். இடது பக்கம் சாய்ந்து, மூன்று தலையணை மேல் கால். அம்மா என்று வாய்விட்டுச் சொன்னாள். ஹரி பக்கவாட்டில் நெளிந்து வெளியே போனான். கட்டில் கதவைத் தடுத்ததால் கதவு ஒன்றரைச் சாண்தான் திறந்தது. அது அப்போது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பத்தாவது நிமிடம் அவளுக்கு பாத்ரூம் வந்தது. எட்டாம் மாதத்தில் அது டாக்டர் சொன்ன அரை மணி நேரத்துக்கெல்லாம் காத்திருப்பதில்லை.

கதவிடுக்கில் அவள் தலை வந்தது. தோள் வந்தது. வயிறு வரவில்லை. ஹரி வெளியிலிருந்து கதவைத் தள்ளினான். மேலே இருந்த தலையணை சரிந்து கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே விழ, இருந்த ஒன்றரைச் சாணும் ஒரு சாண் ஆனது.

"கீல்ல இருக்க பின்னைத் தட்டி எடுத்தா..." என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இரிங்க. பிள்ளத்தாச்சி உள்ள மாட்டிக்கிட்டு நிக்கா. ஏலே ஹரி, இழுத்துத் தள்ளுலே."

"இழுக்கவா தள்ளவா, ஒண்ணச் சொல்லும்மா."

"ஏங்க, சீக்கிரம்" என்றாள் உள்ளேயிருந்து அபர்ணா. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. இரண்டாம் முறை சொன்னபோது அது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

கடைசியில் தச்சு வேலை செய்கிற வல்லிநாயகம் அண்ணாச்சி வந்தார். ஒரு பார்வை பார்த்தார். கீலில் இருந்த பின்னைத் தட்டி எடுத்துக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார். அபர்ணா அவரைத் தாண்டி ஓடினாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓட முடியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி வந்திருந்தாள். கதவில்லாத அறையை எட்டிப் பார்த்தாள்.

"கட்டில் ஏன் கோணலா கெடக்கு மதினி?"

உலகம்மாள் விவரத்தைச் சொன்னாள். இசக்கிசெல்வி அந்த மூலையையே பார்த்தாள்.

"அதுக்கு நேரே எங்க வீட்டு இசக்கியம்மன் படம்லா இருக்கு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சும்மா சொன்னேன்."

அதோடு வடமேற்கும் போயிற்று.

"பேசாம குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று இசக்கிசெல்வியே வழி சொன்னாள். "ஓடுத தண்ணில காலை வச்சா வீக்கம் பூராவும் வடிஞ்சிரும். சாமி குத்தமும் இல்ல. எல்லாரும் காலை நனைக்கத்தானே அங்கன போறாவ."

"தண்ணி சரிதான். ஆனா காலு தொங்கிக்கிட்டுல்லா இருக்கும். டாக்டரு தூக்கி வைக்க..." என்றார் மாமனார்.

"நீங்க அந்தப் பையை எடுங்க" என்றாள் உலகம்மாள்.

சாயங்காலம் புலியருவிக்குப் போனார்கள். சீசன் கூட்டத்தில் ஆட்டோ தூரத்திலேயே நின்றுவிட்டது. அபர்ணா நடந்தாள். கரையில் ஒரு பாறையில் உட்காரவைத்தார்கள். முட்டளவு குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கால்கள் தொங்கின. சுகமாகத்தான் இருந்தது. கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர், குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களை மறித்து, "அண்ணாச்சி, ஒரே ஒரு படம், பத்தே நிமிசத்துல பிரிண்ட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் அந்த கேமராக்காரரையே வெகுநேரம் பார்த்தார்.

"அபர்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப..."

"துண்டை இங்கன தாங்க, பிள்ள நனைஞ்சுட்டா" என்றாள் உலகம்மாள்.

திரும்பக் கிளம்பும்போது பத்தாம் நம்பர் செருப்பும் சேரவில்லை. அபர்ணா இரண்டு காலிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நடந்தாள். டாக்டர் சொல்லி மூன்று நாளில், மூன்று வேளை வீதம் ஒன்பது அரை மணி நேரம் அவளுக்கு வரவேண்டியிருந்தது. அவளுக்கு வாய்த்தது பத்து நிமிடம்.

வியாழக்கிழமை காலை உலகம்மாள் அந்தக் கால்களைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள். குழி விழுகிறதா என்று அவளும் ஒரு விரலால் அழுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

"தாத்தாவ மாத்திருவோம்" என்றாள்.

முப்பத்திரண்டு வருடமாக வெள்ளையடிக்க வந்தவர்கள்கூட அந்தப் படத்தைச் சுற்றித்தான் அடித்திருக்கிறார்கள்.

"தெக்குச் சுவத்துக்குக் கொண்டு போயிரலாம். அப்போ மேக்க காலை நீட்டலாம், அங்கன சுவரைத் தவிர ஒண்ணும் இருக்காது. மூணு மணிக்கு ராகு காலம் முடிஞ்சதும் வல்லிநாயகத்த வரச் சொல்லு."

மூன்று மணிக்கு முதலில் மன்னிப்புக் கேட்கும் சடங்கு நடந்தது. உலகம்மாள் சூடம் காட்டினாள். அபர்ணாவைக் கைகூப்பி நிற்கவைத்தாள். எட்டாம் மாதம் என்பதால் விழுந்து கும்பிடுவதிலிருந்து விலக்குக் கிடைத்தது, நிற்பதிலிருந்து கிடைக்கவில்லை.

"சின்னப் பிள்ள, தெரியாமக் காலை நீட்டிட்டா. கோவிச்சுக்கிடாதீய. ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா உங்க பேரைத்தான் வைப்போம். நாறும்பூநாதன். இது சத்தியம்."

அபர்ணா ஹரியைப் பார்த்தாள். இரண்டெழுத்தில் ஒரு பெயரை அவர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். ஹரி டேப்பைப் பார்த்தான்.

பிறகு படத்தை இறக்கி உலகம்மாள் குழந்தையைப்போல நெஞ்சோடு ஏந்திக்கொண்டாள். ஹரி தெற்குச் சுவரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"உள்ள பைப்பு கிய்ப்பு போவுதா தம்பி?" என்று டிரில்லைப் பிடித்தபடி வல்லிநாயகம் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. வீட்டுப் பிளானே எங்கிட்ட இருக்கு."

"அங்கன மாடி டேங்க்ல இருந்து எறங்குத..." என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இரிங்க. நல்ல நேரத்துல குறுக்க பேசிக்கிட்டு."

டிரில் உள்ளே போனது. வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. ஒரு விரல் பருமனில், ஹாலின் குறுக்கே பாய்ந்து, நேராகத் தாத்தாவின் தலையில் விழுந்தது.

வல்லிநாயகம் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தார். தண்ணீர் அவர் முகத்துக்கு வழி பார்த்தது. ஹரி மாடிக்கு ஓடி வால்வைத் திருகினான். துருப்பிடித்த வால்வு கைப்பிடியோடு கையில் வந்தது. பிளம்பரைத் தேடி பைக்கை எடுத்துக்கொண்டு போனான். இசக்கிசெல்வி இரண்டு வாளியோடு வந்தாள்.

"இதுக்கு நேத்து புலியருவிக்குப் போயிருக்கவே வேண்டாம் மதினி" என்றாள்.

ஹாலில் நாற்காலியெல்லாம் நனைந்துவிட்டது. உலகம்மாள் படத்தைத் தூக்கிக்கொண்டு காய்ந்த இடம் தேடி ஓடினாள். வீட்டில் காய்ந்திருந்த ஒரே இடம் அபர்ணாவின் கட்டில்தான். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். சட்டத்துக்குள் போன ஈரம் வடிய வேண்டும் என்று ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் மூன்று தலையணையையும் கொடுத்தாள்.

"ஒரு அரை மணி நேரம் இப்படியே இருக்கட்டும். நீ தொட்டுறாதம்மா" என்று சொல்லிவிட்டு வாளி பிடிக்க ஓடினாள்.

அபர்ணா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாத்தா கட்டிலில் இடது பக்கம் சாய்ந்து, மூன்று தலையணை மேல், அரை மணி நேர ஓய்வில் இருந்தார். டாக்டர் ஹஃப்சா சொன்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை. கால்தான் வேறு ஆளுக்கு வீங்கியிருந்தது.

நாளைக்குப் பத்து மணி. அவளுக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்தது. ஆனால் வந்தது கண்ணீர்.

கதவில்லாத வாசல் வழியாக மாமனார் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். மருமகளின் காலைப் பார்த்தார். குனிந்து படத்தைத் தூக்கினார். அதைக் கட்டிலுக்கு அடியில் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, மூன்று தலையணைகளையும் தட்டிச் சரிசெய்தார்.

"படும்மா" என்றார்.

அபர்ணா அசையவில்லை. "மாமா, அத்தை பாத்தா என்ன நெனைப்பாங்க. தாத்தாவ மிதிச்ச மாதிரின்னு..."

ஹாலில் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குறுக்கே பேச அங்கே யாரும் இல்லை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார்.

"முப்பத்திரெண்டு வருசமா சொல்ல வாறேன், ஒருத்தரும் விட மாட்டேங்கீய. நீ தாராளமா நீட்டும்மா, ஸ்டுடியோக்காரன் படத்த மாத்திக் குடுத்துட்டான். அது எங்க அப்பா இல்ல, சீசனுக்குக் குளிக்க வந்த யாரோ ஒரு ஆளு."